பொட்டு வைத்தது போகாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா. நாங்கள் சாமானைத்தான் எடுப்போம். குடும்ப விஷயத்தில் தலையிட மாட்டோம். எங்கள் தொழிலில் அதுதான் முதல் சட்டம். ஒரு வீட்டைக் காலி செய்யப் போனால் அந்த வீட்டின் அடிவயிறே தெரிந்துவிடும். யார் எதை யாரிடமிருந்து ஒளித்தார்கள், எந்தச் சீர்வரிசை இன்னும் பிரிக்காமலே கிடக்கிறது, எல்லாம் பரணிலிருந்து கீழே வரும். நான் பார்ப்பேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன். அந்தச் சைக்கிளை ஏன் போடுகிறீர்கள், நன்றாகத்தானே இருக்கிறது? சரி, சரி, உங்கள் இஷ்டம். நான் கேட்கவில்லை.

மோர் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் உப்புதான் குறைவு.

என் பெயர் சுயம்புக்கனி. சாத்தான்குளம் பக்கம். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நானும் எங்கள் வீட்டுக்காரர் ஆதிலிங்கமும் மேடவாக்கத்தில் பழைய பேப்பர் கடை போட்டோம். அப்போது அங்கே பாதி வயல், பாதி தண்ணீர். இப்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, அத்தனை மாடி. ஊர் வளர வளர வேண்டாத சாமானும் வளர்ந்தது. ஜனங்களுக்குப் பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர நேரமில்லை. ‘நீங்களே வந்து மொத்தமா எடுத்துட்டுப் போயிடுங்க’ என்றார்கள். ஒரு குட்டி யானை வண்டி வாங்கினோம். வீடு, ஆபீஸ், கடை, கல்யாண மண்டபம், எதுவானாலும் ஒரே நாளில் காலி. போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நானூறு சுழல் நாற்காலி எடுத்தோம். எங்கள் ஆள் ரகுநாத் அதில் ஒன்றில் உட்கார்ந்து வராந்தா முழுக்க உருண்டுகொண்டே போனான். முப்பத்தெட்டு வயது அவனுக்கு. ஒடிசாவில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இத்தனை வருடத்தில் எங்கள் வேலையில் ஒரு தப்பு நடந்ததில்லை. எடுக்க வேண்டியதை விட்டதும் இல்லை, விட வேண்டியதை எடுத்ததும் இல்லை. காரணம், நானே கண்டுபிடித்த ஒரு முறை. உங்களுக்கும் அதைத்தான் கொண்டு வந்திருக்கிறேன். இதோ, இந்த டப்பாவில் குழைத்த சந்தனம், இதில் குங்குமம். எது எது வீட்டில் இருக்க வேண்டுமோ அதற்கெல்லாம் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். மற்றதை எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடுவார்கள்.

முன்பெல்லாம் சாக்பீஸில் கோடு போட்டோம். ஒரு மழை வந்தது, கோடெல்லாம் போயிற்று. காகிதம் ஒட்டினோம். ஒரு வக்கீல் வீட்டில் காகிதத்தோடு சேர்ந்து தேக்கு அலமாரியின் பாலிஷும் உரிந்து வந்தது. எழுதி வைத்தால் ரகுநாத்துக்கும் அவன் கூட்டாளி பைரவுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் பொட்டு வைத்த சாமான் என்றால் அவர்கள் கால்கூடப் படாமல் சுற்றிப் போவார்கள். மடிப்பாக்கத்தில் பெர்னாண்டோ சார் வீட்டில் மட்டும் பொட்டுக்குப் பதில் ரோஜாப்பூ வைத்தோம். அன்றைக்கு வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. பொட்டு வைத்தது போகாது, பொட்டில்லாதது நிற்காது. இதை ரகுநாத் தமிழில் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும்.

இந்த முறையின் அருமை எனக்கே புரிந்தது குரோம்பேட்டையில்தான். போன வருடம், ஆயுத பூஜை சமயம். சொல்கிறேன், உட்காருங்கள். நின்றுகொண்டே கேட்டால் எனக்குச் சொல்ல வராது.

அந்த வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் சார். டெலிபோன் இலாகாவில் மெக்கானிக்காக இருந்து ரிடையர் ஆனவர். எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். அவர் மனைவி திலகவதி அம்மா. நல்ல உயரம். மூக்குத் தண்டில் ஒரு பழைய தழும்பு. அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதி வாக்கியத்திலேயே காரியம் முடிந்துவிடும். பிள்ளைகள் இரண்டும் வெளிநாடு. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். கட்டி முடிக்கிற வரைக்கும் பல்லாவரத்தில் ஒரு சின்ன வாடகை வீடு. சனிக்கிழமை காலை இடிக்கிற இயந்திரம் வரும். வெள்ளிக்கிழமை நாங்கள் வந்து மிச்சத்தைக் காலி செய்து தர வேண்டும்.

ஒரு வாரம் முன்பே போய்ப் பார்த்து, சந்தன டப்பாவைக் கொடுத்து, முறையையும் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா டப்பாவை வாங்கிக்கொண்டார். ‘கீழ பரண்ல எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மிச்சமெல்லாம் எடுத்துக்கலாம். மேல் ரூம் மொத்தமா போகணும்’ என்றார். மொத்தமாக என்கிறபோது மாடிப்படியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. ‘சாருக்கும் சம்மதம்தானே?’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ‘அவர் சம்மதத்துக்குத்தான் நாப்பத்து மூணு வருஷமா காத்திருக்கேன்’ என்றார்.

மேல் அறையைப் பார்க்க வேண்டுமே நீங்கள். கறுப்பு டெலிபோன், சிவப்பு டெலிபோன், சுழற்றுகிறது, அழுத்துகிறது, தெருவோரத்தில் காசு போட்டுப் பேசுவோமே, அது. கம்பிச் சுருள்கள். குடல் வெளியே வந்த ரேடியோ. இலாகா தூக்கிப் போட்டதையெல்லாம் இவர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஜன்னலைத் திறக்க வழியில்லை. ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டும்.

சரி, வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வண்டியோடு போய் நின்றோம். கட்டில், பீரோ, அடுப்பு எல்லாம் வியாழனன்றே வாடகை வீட்டுக்குப் போய்விட்டன. நான் நேரே மாடிக்குப் போனேன். கதவைத் திறந்து நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் பொட்டு. ஒன்று விடாமல். டெலிபோன் ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் பொட்டு. கம்பிச் சுருளுக்குப் பொட்டு. மூன்று கால் முக்காலிக்கு, இல்லாத நாலாவது காலையும் சேர்த்து நினைத்தாற்போல நாலு பொட்டு. சுவரில் ஒரு பல்லி மட்டும் பொட்டில்லாமல் இருந்தது. அதுவும் ஓடிவிட்டதால் தப்பித்தது என்று நினைக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு சார் வைத்த பொட்டு. வருஷா வருஷம் வைப்பாராம்.

‘சார், எது போகணும் இதுல?’ என்றேன், என் பின்னாலேயே வந்து நின்றவரிடம்.

‘உங்க சட்டம்தானேம்மா. பொட்டு வெச்சது போகாது. நான் வெச்சிருக்கேன்’ என்றார். சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

கீழே கூடத்தில் திலகவதி அம்மா குளித்து முடித்து, சந்தன டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு பரணுக்கு ஏணி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. படியில் இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். ‘அது அப்புறம் ஆகட்டும்மா, முதல்ல மேல வாங்க, இதைத் தீர்த்துட்டுத்தான் மறு வேலை’ என்று டப்பாவும் கையுமாக மாடிக்கு அழைத்துப் போனேன். பாதிப் படியில் ரகுநாத் கீழேயிருந்து கேட்டான், ‘அக்கா, கீழே?’ என்று. ‘பொட்டு பார்த்து ஏத்து’ என்று சொல்லிவிட்டு ஏறினேன். தினமும் சொல்கிறதுதானே.

அம்மா அறை வாசலில் நின்று பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

‘இது பூஜைப் பொட்டு. அந்தக் கணக்கு வேற’ என்றார்.

‘பொட்டுல என்ன திலகா ரெண்டு ஜாதி?’ என்றார் சார்.

‘அந்த வீட்ல இருக்கிறதே ரெண்டு ரூம். இதெல்லாம் அங்க வந்தா நான் எங்க நிக்கிறது?’

‘அங்க ஹால்ல கண்ணாடி ஷோகேஸ் இருக்கே. நல்ல ஷோகேஸ். முக்கியமானதை அதுல வெச்சுடலாம். மிச்சத்தை ஒரு ஓரமா.’

‘ஷோகேஸ் எனக்கு வேணும்னு சொல்லியிருந்தேன்.’

‘உன் சாமான் என்ன, பாத்திரம்தானே? அது சமையல்கட்டுல இருக்கட்டும்.’

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ பால்காரருக்குச் சொல்கிற மாதிரி, ‘இந்த ரூம் அந்த வீட்டுக்கு வந்தா நான் வரமாட்டேன் கனி. எங்க தங்கச்சி வேலூர்ல இருக்கா. சாயங்காலம் பஸ்ஸுக்குச் சீட்டு இருக்கான்னு பார்க்கணும்’ என்றார்.

சாரின் சிரிப்பு போய்விட்டது. அந்த அம்மா வெறும் பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையிட்டிருப்பார்கள். நான் தலையிடவில்லை. ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பொதுவாக நாலு வார்த்தை சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் பழைய பூட்டு சேர்த்ததைச் சொன்னேன், அதை நான் எப்படி நிறுத்தினேன் என்று சொன்னேன். சாரிடம் தனியாக அந்த மூலையில் வைத்து ஒரு அரை மணி நேரம் பேசினேன். அம்மாவிடம் தனியாக வராந்தாவில் முக்கால் மணி நேரம். இரண்டு தடவை அம்மா ‘கீழ ஒரு வேலை இருக்கு, போயிட்டு வந்துடறேன்’ என்று எழுந்தார். ‘இருங்கம்மா, இப்பத்தான் வழிக்கு வருது, நடுவுல விட்டா பிசகிடும்’ என்று உட்கார வைத்தேன். அந்தப் பக்குவம் எல்லாருக்கும் வராது.

கடைசியில் பத்தரை மணி வாக்கில் ஒரு முடிவு வந்தது. சார் ஒரே ஒரு டிரங்குப் பெட்டி நிறைய எடுத்துக்கொள்ளலாம். ஷோகேஸில் மேல் தட்டு மூன்றும் அம்மாவுக்கு, கீழ் தட்டு ஒன்று சாருக்கு. சார் தலையாட்டினார். முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது, ஆனால் தலை ஆடியது. அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வயது அப்படியே இருபது குறைந்த மாதிரி இருந்தது. ‘சரி, அப்போ நான் போய் என் மூட்டையை இறக்கறேன்’ என்று டப்பாவை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

பரண் காலி. சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி காலி. பைரவ் அங்கே ஒட்டடைகூட அடித்துவிட்டான். அவ்வளவு நல்ல வேலைக்காரர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் முதல் லோடை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அம்மா கூடத்து நடுவில், வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். எதையோ பிடிக்கக் கை நீட்டி, அது வராமல் போனாற்போல.

‘ஒரு வெள்ளைச் சாக்கு, வாய் கட்டியிருக்கும்’ என்றார்.

‘அது ஏத்தியாச்சு’ என்றான் ரகுநாத். ‘பொட்டு இல்லே அக்கா’ என்று என்னைப் பார்த்தான். அவன் சொன்னது சரிதான். சட்டம் சட்டம்தானே. அம்மா காலையிலேயே பொட்டு வைத்திருக்க வேண்டும். குளித்துவிட்டு வைக்கலாம் என்று தள்ளிப் போட்டது யார் தவறு? நான் அதைச் சொல்லவில்லை. சொல்கிற நேரமா அது?

‘என்ன திலகா அதுல? இட்லிக் கொப்பரைதானே? புதுசு வாங்கிக்கலாம்’ என்றார் சார்.

‘கோப்பை’ என்றார் அம்மா. ‘பதினாலு கோப்பை.’

‘டீ கோப்பையா?’

‘வாலிபால்.’

சாருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பிறகு அம்மாவே மெல்ல மெல்லச் சொன்னார். காலேஜில் மூன்று வருடம் வாலிபால் டீமுக்குக் கேப்டன். யூனிவர்சிட்டிக்கே ஆடியிருக்கிறார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தக் கோப்பைகளை வெளியே வைக்க இடம் கிடைக்கவில்லை. மாமியார் இருந்த வரைக்கும் மாமியார் சாமான். அப்புறம் பிள்ளைகள் சாமான். அப்புறம் டெலிபோன். வியாழக்கிழமை பீரோவோடு சேர்த்து அனுப்பியிருக்கலாமே அம்மா என்றேன். ‘ஷோகேஸ் யாருக்குன்னு தெரியாம எடுத்துட்டுப் போய், அங்கேயும் பரண்லயா போடறது?’ என்றார்.

‘நீ ஏதோ விளையாடுவேன்னு சொன்னே. ஒரு தடவை’ என்றார் சார்.

‘ஒரு தடவைதான் கேட்டீங்க.’

எங்கள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார், அது அவருடைய சட்டம். ஒரு வீட்டில் இரண்டு சட்டம் இருந்தால் இப்படித்தான். ஆட்டோ பிடித்தோம். அவர்கள் இருவரும் நானும். குன்றத்தூர் தாண்டி இசக்கி அண்ணாச்சியின் குடோன். எங்கள் சாமான் எல்லாம் அங்கேதான் இறங்கும்.

வழியெல்லாம் சார் கேட்டுக்கொண்டே வந்தார். மனைவியிடம் இல்லை, என்னிடம். ‘இறக்கினதும் என்ன பண்ணுவாங்க? எவ்வளவு நேரத்துல பிரிப்பாங்க? பித்தளை எந்தப் பக்கம் போகும், மரம் எந்தப் பக்கம் போகும்?’ நானும் ஒளிக்காமல் சொன்னேன். அண்ணாச்சி குடோனில் பிரிக்கிற பெண்கள் எட்டு பேர். மரத்தையும் உலோகத்தையும் ஒன்றாக வைத்திருக்கவே மாட்டார்கள். கையில் சுத்தியல், ஒரே தட்டு, தனித் தனி. மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் அந்த வேகம் கிடைக்காது. நான் பெருமையாகத்தான் சொன்னேன். அம்மா ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் நான் சொன்னபடியே நடந்திருந்தது. ஒரு பக்கம் கோப்பைகள், காதும் கழுத்துமாகக் குவிந்து கிடந்தன. அந்தப் பக்கம் மர அடிக்கட்டைகள், நாற்காலிக் கால்களோடும் கதவுச் சட்டத்தோடும் கலந்து கிடந்தன. கோப்பைகளில் எழுத்தில்லை. எழுத்தெல்லாம் அடிக்கட்டைத் தகட்டில். எந்தக் கோப்பை எந்தக் கட்டையில் நின்றது என்று அவற்றைப் பெற்ற தாய்க்குத்தான் தெரியும்.

அண்ணாச்சி, ‘என்ன கனி, இறக்கின சாமானைத் திருப்பிக் கேக்க. இது என்ன புதுப் பழக்கம்?’ என்றார். இருபத்தாறு வருடத்தில் நான் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ‘ஞாபகத்துக்கு ஒண்ணு ரெண்டு எடுத்துக்கட்டும் அண்ணாச்சி’ என்றேன்.

சார் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மரக்குவியல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதிலும் பொட்டு இருந்தது. ஒவ்வொரு கட்டையாகப் பொறுக்கி எடுத்து, துணியால் துடைத்து, தகட்டைப் படித்தார். அம்மா கோப்பைக் குவியல் பக்கம் நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

‘திருச்சி, எழுபத்தேழு’ என்று சார் படிப்பார். அம்மா குவியலில் கையை விட்டு ஒன்றை எடுப்பார். ‘இது. இந்தக் காது அப்பவே வளைஞ்சது. ரயில்ல கமலவேணி இதன் மேல உட்கார்ந்துட்டா.’ சார் அதைக் கட்டையில் வைத்து முடுக்குவார். ‘மதுரை, எழுபத்தெட்டு.’ ‘இது. இதுலதான் ஜெயிச்ச அன்னிக்குப் பன்னெண்டு பேரும் பன்னீர் சோடா குடிச்சோம்.’ முடுக்குவார். அம்மா நாற்பத்து மூன்று வருடத்தில் பேசியதையெல்லாம் கூட்டினால்கூட அன்று ஒரு மணி நேரத்தில் பேசியது அதிகமாக இருக்கும். பிரிக்கிற பெண்கள் எட்டு பேரும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி திட்டவில்லை. அவரும் நின்றார்.

ஒரு கோப்பையை எடுத்ததும் அம்மா மூக்கைத் தொட்டுக்கொண்டார். ‘இது சேலம் ஃபைனல். பந்து நேரா மூக்குல. ரத்தம். ஆடி முடிச்சுட்டுத்தான் துடைச்சேன்.’

சாரின் கை நின்றுவிட்டது. ‘அந்தத் தழும்பா? பொண்ணு பார்க்க வந்தப்போ எங்கம்மா கேட்டாங்களே. மாட்டு வண்டியிலேர்ந்து விழுந்ததுன்னு உங்கப்பா சொன்னாரே.’

‘வாலிபால்னு சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு அப்பாவுக்குப் பயம்.’

‘நான் போயிருக்க மாட்டேன்’ என்றார் சார். கொஞ்சம் யோசித்து, ‘எங்கம்மா போயிருப்பாங்க’ என்றார். எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நான் அப்போதுதான் அந்த அம்மா சிரித்துப் பார்த்தேன்.

பதின்மூன்று கோப்பை நின்றது. பதினாலாவது கட்டை மட்டும் சாரின் கையில். மற்றதைவிடப் பெரிய கட்டை. தகட்டில் ‘சிறந்த ஆட்டக்காரர்’ என்று இருந்தது. கோப்பை இல்லை. அதுதான் அசல் பித்தளையாம், மற்றதெல்லாம் பூச்சு. பித்தளை எடுக்கிற வியாபாரி நாங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார். நேரே உருக்குகிற இடத்துக்கு. அண்ணாச்சி போன் போட்டுப் பார்த்தார். போனது போனதுதான்.

நான்தான், பதினாலில் பதின்மூன்று கிடைத்ததே, இந்தத் தொழிலில் இது பெரிய விஷயம் என்று எடுத்துச் சொன்னேன்.

அம்மா, ‘போகட்டும்’ என்றார். ஆனால் அந்தக் கட்டையை வாங்கிப் புடவைத் தலைப்பால் தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சார் அந்தத் துடைக்கிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் குரோம்பேட்டைக்குத் திரும்பியதும் சார் நேரே மாடிக்குப் போனார். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு டெலிபோனாகப் பொட்டைத் துடைத்து வாசல் பக்கம் நகர்த்தி வைத்தார். அவசரப்படவில்லை. குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்தார். துடைக்கத் துடைக்க ரகுநாத் ஏற்றினான். கடைசியில் ஜன்னல் தெரிந்தது. சார் அதைத் திறந்தார். அடுத்த வீட்டு வேப்பமரம் தெரிந்தது. ‘இங்கேயிருந்து இது தெரியும்னு மறந்தே போச்சு’ என்றார். மறுநாள் இடிக்கப் போகிற ஜன்னல். இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் மிஞ்சியது.

நான் காலையில் சொன்ன புத்திமதிதான் அது. மதியத்துக்கு மேல் வேலை செய்தது. அம்மா வேலூர் பஸ்ஸைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை. இரண்டு பேரும் எங்கள் குட்டி யானையில்தான் பல்லாவரம் போனார்கள். முன் சீட்டில் இடமில்லாமல் நான் பின்னால் நின்றுகொண்டேன். பதின்மூன்று கோப்பையும் அம்மாவின் மடியிலும் சாரின் மடியிலும்.

பிறகு கேளுங்கள். அடுத்த ஒரு மாதம் சார் வாரத்துக்கு மூன்று நாள் அண்ணாச்சி குடோனுக்கு வந்திருக்கிறார். யாருக்கும் சொல்லாமல். பித்தளைக் குவியல் பக்கம் உட்கார்ந்து பொறுக்கிப் பொறுக்கிப் பார்ப்பாராம். எங்கள் வீட்டுக்காரர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ‘அதே கோப்பை கிடைக்காது சார்’ என்று இவர் சொன்னதற்கு, ‘தெரியும். அந்தக் கட்டைக்குப் பொருத்தமா ஒண்ணு கிடைக்குமான்னு பாக்கறேன்’ என்றாராம். இவருக்கும் அவருக்கும் அதிலே ஒரு சிநேகம். போகும்போது சார் கையில் எப்போதும் ஏதாவது ஒரு பழைய சாமான் இருக்குமாம். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. எதற்கு வம்பு?

வாடகை வீட்டில் பால் காய்ச்சியிருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. அவசரத்தில் மறந்திருப்பார்கள். தை மாதம் அந்தப் பக்கம் ஒரு கடையைக் காலி செய்யப் போனபோது நானே போய்க் கதவைத் தட்டினேன். அம்மா திறந்தார். என்னைப் பார்த்ததும் வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நின்றார். ‘எதுவும் எடுக்க வரலைம்மா, சும்மா பார்க்கத்தான் வந்தேன்’ என்றேன். அப்புறம் வழிவிட்டார். பாருங்கள், என்னைக் கண்டதும் எதையாவது போடுவதற்கு வீட்டில் இருக்கிறதா என்று யோசித்திருக்கிறார். அவ்வளவு நினைப்பு.

கூடத்து ஷோகேஸில் நாலு தட்டிலும் கோப்பைகள். விளக்குப் போட்டிருந்தார்கள். கீழ் தட்டையும் சார் விட்டுக்கொடுத்துவிட்டார் போல. நடுவில், கண் மட்டத்தில், அந்தப் பெரிய கட்டை. அதன்மேல் ஒரு பித்தளைக் கிண்ணம், மல்லாத்தி வைத்தது. கோப்பை அளவுக்கு இல்லை, சின்னதுதான். கூர்ந்து பார்த்ததும் தெரிந்தது. பழைய கறுப்பு டெலிபோனுக்குள் மணியடிக்க ஒரு கிண்ணம் இருக்குமே, அது. நடுவில் ஓட்டை, அதில் கட்டையின் திருகு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பளபளவென்று தேய்த்திருந்தார்கள். குடோனில் எல்லாம் தேடிவிட்டு, கடைசியில் சார் தன்னுடைய டிரங்குப் பெட்டியிலிருந்தே எடுத்திருக்கிறார்.

அந்தப் பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு திறந்தே இருந்தது. அம்மா எனக்குக் காபி எடுக்கப் போகும்போது கையை உள்ளே விட்டு, நடந்துகொண்டே, நகத்தால் அந்தக் கிண்ணத்தை ஒரு சுண்டு சுண்டினார். டிங் என்று நீளமாக ஒலித்தது. உள் அறையிலிருந்து சாரின் குரல் வந்தது.

‘யாரு போன்ல?’

‘ராங் நம்பர்’ என்றார் அம்மா.

காபியோடு வரும்போது இன்னொரு தடவை சுண்டினார். ‘யாரு?’ ‘ராங் நம்பர்.’ தம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது மறுபடியும். ஒவ்வொரு தடவையும் சார் முதல் தடவை மாதிரியே கேட்டார், அம்மா முதல் தடவை மாதிரியே சொன்னார். இரண்டு பேர் குரலிலும் சிரிப்பே இல்லை. வயதானால் இப்படித்தான், சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. புறப்படும்போது நானும் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தேன். அதே டிங் தான், நன்றாக நீளமாகவே ஒலித்தது. உள்ளேயிருந்து குரலே வரவில்லை. கொஞ்சம் நின்று இன்னொரு தடவை சுண்டினேன். இல்லை.

பாவம், சாருக்குச் சில நேரம் காது கேட்பதில்லை போலிருக்கிறது.